மூட்டைப்பூச்சி மருந்துப் பாட்டு

என்னைப் பாட வேண்டாம் என்று அப்பா சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. அன்று வீட்டில் சரஸ்வதி பூஜை. கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். அக்கா ஒரு வரி பாட வேண்டும், மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாட வேண்டும். இரண்டாவது வரியிலேயே அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து என் முகத்தில் நின்றார்.

"ஏட்டி, நீ பாடாண்டாம். வாய மட்டும் அசச்சாப் போதும்."

இருபது பேரும் சிரித்தார்கள். சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு குழந்தையைப் பார்த்து அப்படிச் சிரிக்க, ரொம்ப உயர்ந்த சங்கீத ஞானம் வேண்டும். அன்று முதல் எனக்குச் சுருதிப் பெட்டி இயக்கும் வேலை. முதலில் துருத்தி வைத்த மரப்பெட்டி, பிறகு மின்சாரப் பெட்டி. இன்றும் யாராவது தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தால் என் வலது கை தானாக ஒரு விசையைத் தேடுகிறது. சங்கீதம் வாழ்நாள் முழுவதும் கூட வரும் என்று சொல்கிறார்களே, எனக்கு வந்தது இந்த வடிவத்தில்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்பாவுக்கும் பாட வராது. திருநெல்வேலியில் ஒரு தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்தார். குரல் பட்டா வாசிக்க மட்டுமே லாயக்கு. ஆனால் ஊரில் ஒரு சங்கீத சபை இருந்தது, அப்பா அதன் செயலாளர். மாதம் ஒரு கச்சேரி. முன்வரிசையில் வக்கீல்களும் காலேஜ் வாத்தியார்களும் உட்காருவார்கள். கண்ணை மூடினால் அது ரசனை. லேசாகக் குறட்டை வந்தால் ஆழ்ந்த ரசனை. பாடியவர் எங்கேயாவது தாளம் தவறிவிட்டால் அப்பாவுக்கு ஒரு வாரம் கொண்டாட்டம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தொடையில் தட்டிக் காட்டி, "இங்கன விழணும், அவரு அங்கன விட்டுட்டாரு" என்பார். யாராவது தப்பே செய்யாமல் மூன்று மணி நேரம் பாடிவிட்டால் முகம் தொங்கிப்போகும். அன்றைக்கு ராச் சாப்பாட்டில் உப்பு கூட என்று அம்மாவுக்குத் திட்டு விழும்.

அக்காவுக்கு நல்ல குரல். அதை மறுக்க நான் பொறாமைக்காரியாக இருந்தால்கூட முடியாது. பதினெட்டு வருஷம் அவளைப் பாட வைத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் மூன்று பாட்டு கேட்டார்கள், பாடினாள். ஆகா என்றார்கள், கல்யாணம் ஆகி பம்பாய் போனாள். ஆறு மாதம் கழித்து ஒரு கடிதம் எழுதியிருந்தாள். காலையில் சாதகம் பண்ணினால் மாமனாருக்குத் தலை வலிக்கிறதாம், அதனால் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைத்திருக்கிறாளாம். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. பாட்டு கேட்ட அதே மாமனார்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு டீக்கடை வந்தது. கடைக்காரர் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம். அவரைத் தெருவே அண்ணாச்சி என்று கூப்பிடும். அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் அவர் செய்கிற காரியம் டேப்ரிக்கார்டரைப் போடுவது. வாசலில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். முழுக்க சினிமாப் பாட்டு. முதல் நாளே அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து போனார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

"என்ன வே இது, காலங்காத்தால கூத்து? அணையும் வே அத."

"சார்வாள், நாலு ஆளு டீ குடிக்க வாரான். பாட்டு இல்லன்னா அடுத்த கடைக்குப் போயிருதான்."

"இது பாட்டா? இதுக்குப் பேரு பாட்டா?"

"எனக்கு என்ன தெரியும், சார்வாள். ஆளு நிக்கான், கேக்கான், குடிச்சிட்டுப் போறான்."

அப்பா போலீஸ் ஸ்டேஷனுக்கு மூன்று மனுக்கள் எழுதினார். தாலுகா ஆபீஸ் பாணியில், பொருள், பார்வை எல்லாம் போட்டு. மூன்றாவது மனுவுக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். ஸ்பீக்கருக்கு அடியில் நின்று ஒரு டீ குடித்தார். இரண்டு பாட்டு கேட்டார். போய்விட்டார்.

இது போதாதென்று செவ்வாய்க்கிழமை தோறும் மேலப்பாளையத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வருவார். கம்பியில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி, பின்னால் ஒரு பெட்டி நிறைய மூட்டைப்பூச்சி மருந்து. பாட்டு அவரே கட்டியது.

"மூட்டப் பூச்சி ஓடிப் போச்சு,
முதுகு சொறியிற கவல போச்சு,
கட்டிலுக்கு ஒரு சொட்டு போதும்,
கண்ணு ரெண்டும் மூடிக்கிடும்."

அவர் தெரு முனையில் திரும்பும்போதே அப்பா காதைப் பொத்திக்கொள்வார். "இதுக்கு ஒரு மெட்டு வேற" என்பார். செவ்வாய்க்கிழமை வந்தால் எங்கள் வீட்டில் மூட்டைப்பூச்சிகளைவிட அப்பாதான் அதிகம் துடித்தார்.

எனக்கும் மாப்பிள்ளை பார்த்தார்கள். நான் அப்போது மேலப்பாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வருகிறவர்கள் கேட்பதற்கு முன்பே அப்பா முந்திக்கொள்வார்: "இவளுக்குப் பாட்டு வராது. அத முதல்லயே சொல்லிருதேன்." ஏதோ ஒரு கால் ஊனம் என்று சொல்கிற குரலில் சொல்வார். யாரும் அதற்காக என்னை வேண்டாம் என்று சொன்னதில்லை. அவர்களுக்கு வேண்டாமென்று சொல்ல வேறு காரணங்கள் இருந்தன.

ஒருவர் மட்டும் சரி என்றார். ஸ்ரீவைகுண்டத்தில் மின்வாரியத்தில் என்ஜினியர். நெடுநெடுவென்று, பேசினால் சிரிப்போடு பேசுகிற ஆள். அப்பா விசாரணையை ஆரம்பித்தார்.

"சங்கீதத்துல நாட்டம் உண்டா, தம்பி?"

"கேப்பேன், சார். பஸ்ல என்ன பாட்டு ஓடுதோ அதக் கேப்பேன். எல்லாமே நல்லாத்தான் இருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த நேரம் பார்த்து எதிர்க்கடையில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய விரல்கள் நாற்காலிக் கையில் அதற்குத் தட்டிக்கொண்டிருந்தன. தட்டுகிறோம் என்பது அவருக்கே தெரியாது. எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது.

அவர்கள் போனதும் அப்பா சொன்னார்: "வெரலப் பாத்தியாளா? டீக்கடப் பாட்டுக்குத் தாளம் போடுதான். இந்த வீட்டுக்கு மருமகனா அவன்?"

"மனுஷன் நல்லவராத் தெரியுதாரு" என்றாள் அம்மா. அம்மா வாய் திறப்பதே அபூர்வம்.

"நல்லவன்னா கோயில்ல வச்சுக் கும்பிடு."

மறுநாள் வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது, சொல்லவில்லை. இருபத்தேழு வயது, சொந்தச் சம்பளம், நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள். ஆனாலும் வீட்டுக் கூடத்தில் வாய் வரவில்லை. அதனால் அப்பாவை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமை கிடையாது. உரிமை இல்லாமலேயே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதன்பிறகு வந்த இடங்கள் ஒன்றும் அமையவில்லை. கொஞ்ச நாளில் யாரும் வரவும் இல்லை.

அப்பா ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம், ஒரு மார்கழிக் காலையில், சபையின் கச்சேரி அழைப்பிதழ்களுக்கு விலாசம் எழுதிக்கொண்டிருந்தார். பேனா கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தார். அண்ணாச்சியும் டீ குடிக்க வந்த இரண்டு பேருமாகத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் வைத்திருந்தோம். உயிர் பிழைத்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. நாங்கள் பேசுவது புரிந்தது, ஆனால் அவர் வாயிலிருந்து "அது… அது…" என்பதைத் தவிர எதுவும் வரவில்லை. ஊரில் எல்லார் பாட்டிலும் தப்பு கண்டவருக்குத் தண்ணீர் என்று கேட்க ஒரு சொல் இல்லை.

வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை. எனக்குப் பள்ளி விடுமுறை. அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். தெரு முனையில் அந்தக் குழாய் ஒலிபெருக்கி கேட்டது. அப்பாவின் கண் ஜன்னல் பக்கம் திரும்பியது. சைக்கிள் எங்கள் வாசலைத் தாண்டியபோது கட்டிலிலிருந்து கூடவே ஒரு குரல் வந்தது.

"கட்டிலுக்கு ஒரு சொட்டு போதும், கண்ணு ரெண்டும் மூடிக்கிடும்."

ஒரு எழுத்து பிசகவில்லை. ஒரு மாதமாக வராத சொற்கள் வரிசையாக, மெட்டோடு, தாளத்தோடு வந்து விழுந்தன. அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்து முதலில் செய்த காரியம் ஜன்னலைச் சாத்தியது. தெருவில் யாருக்கும் கேட்டுவிடக்கூடாதாம். அப்பாவின் முகத்தில் திகில். தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய், துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தேன். நல்ல மகள் அப்படிச் சிரிக்க மாட்டாள். நான் நல்ல மகள் இல்லை என்று அன்றைக்கு எனக்கே தெரிந்தது, அதில் வருத்தமும் இல்லை.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடம் சொன்னோம். இளவயது டாக்டர், பொறுமையாகக் கேட்டார்.

"மூளையில பேச்சுக்கு ஒரு பக்கம், பாட்டுக்கு ஒரு பக்கம்னு வச்சுக்கிடுங்க. பேச்சுப் பக்கம் அடிபட்டிருக்கு. பாட்டுப் பக்கம் தப்பிச்சிட்டு. இனிமே அவர்ட்ட பாட்டாவே பேசிப் பாருங்க, கொஞ்சம் கொஞ்சமாப் பேச்சு வரலாம். அவருக்கு எந்தப் பாட்டு நல்லா வருது?"

அம்மா பெருமையாகக் கீர்த்தனைகளைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"அது அவருக்குப் புடிச்சதும்மா. வந்தது எது?"

அம்மா தரையைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன்: "மூட்டைப்பூச்சி மருந்துப் பாட்டு, டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை. "அப்பம் அதுலேர்ந்தே ஆரம்பிங்க" என்றார்.

அம்மா விடவில்லை. அலமாரி நிறைய இருந்த கச்சேரி கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். அப்பா கெஜட் வாசிப்பதைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டு கிடந்தார். ஒரு சொல் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் எப்படி வரும்? அவற்றில் பாதிக்கு மேல் தெலுங்கு. ஒரு வரிக்கும் அவருக்குப் பொருள் தெரியாது. நாற்பது வருஷம் அவர் கேட்டது பாட்டை அல்ல, பாட்டில் இருக்கும் தப்பை. டீக்கடைப் பாட்டைத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல், தினமும் கேட்டிருக்கிறார். அடுத்தடுத்த நாட்களில் அது தெரிந்தது. எதிர்க்கடைப் பாட்டு ஒவ்வொன்றையும் பல்லவி, சரணம் எல்லாம் சேர்த்து முழுசாகப் பாடினார். இரண்டாவது சரணம் ஊரில் யாருக்கும் தெரியாது, அவருக்குத் தெரிந்திருந்தது.

பம்பாயிலிருந்து அக்கா வந்தாள். கட்டில் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அப்பாவுக்கு மிகவும் பிடித்த கீர்த்தனையை ஆரம்பித்தாள். பாடிப் பல வருஷம் ஆகியிருந்தது. மேலே போகிற இடத்தில் குரல் பிசிறியது. அப்பா இடது கையை உயர்த்தினார். நிறுத்து என்று அர்த்தம். அக்கா அடுக்களைக்குள் வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். "இந்த நெலமையிலயும் தப்பு கண்டுபிடிக்காருளா. என்னைப் பாத்து ஒரு நாளாவது தலைய ஆட்டியிருக்காரா?" இரண்டு நாளில் திரும்பிப் போய்விட்டாள்.

சபைக்காரர்கள் நான்கு பேர் ஆப்பிளோடு வந்தார்கள். தலைவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சங்கீதமே இவரைக் குணப்படுத்தும் என்றார். அப்பாவுக்கு அவரிடம் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. வாயைத் திறந்தார். வந்தது ஒரு டூயட், பெண் பாடுகிற பகுதி. அதை சபைத் தலைவரின் கையைப் பிடித்தபடியே பாடினார். தலைவர் பைய கையை உருவிக்கொண்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "பாவம், புத்தி கலங்கிட்டு" என்று அவர்கள் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. அப்பாவின் புத்தி தெளிவாக இருந்தது. அவர்கள் போன பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார், தெளிவாக இருந்ததால்தான். அடுத்த மாதமே சபைக்குப் புதுச் செயலாளர் வந்துவிட்டார். பிறகு ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

சில நாட்களாக எதிர்க்கடையில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை. நான் தெருவைக் கடந்து போனேன்.

"என்ன அண்ணாச்சி, ஸ்பீக்கர் ரிப்பேரா?"

"இல்ல தாயி. சார்வாளுக்கு மேலுக்கு முடியாமக் கெடக்காவ, தொந்தரவா இருக்கும்னு நாந்தான் கொறச்சு வச்சிருக்கேன்."

"கூட்டி வைங்க. ஒரு பெட்டிய எங்க ஜன்னலப் பாத்துத் திருப்பி வைங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் சொன்னது, அப்பா பாடுவது எல்லாம். அண்ணாச்சி அடுப்பைத் தணித்தார். ஸ்பீக்கரைத் திருப்பி வைத்துவிட்டு, ஒரு தம்ளர் டீயை அவரே ஆற்றி எடுத்துக்கொண்டு வந்து, முதல் தடவையாக எங்கள் வீட்டுப் படியேறினார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "எந்தப் பாட்டு வேணும், சார்வாள்?" என்று கேட்டார். மூன்று மனு எழுதியவரிடம் கேட்கிறோம் என்ற கேலி அந்தக் குரலில் இல்லை. நானாக இருந்தால் கேலி செய்திருப்பேன்.

இனி பாட்டாகப் பேச வேண்டியது யார்? அம்மா முடியாது என்றுவிட்டாள். அக்கா பம்பாயில். மிச்சம் இருந்தது நான். ஒன்பது வயதுக்குப் பிறகு ஒரு தாலாட்டுகூடப் பாடாத தொண்டை. மருந்துப் பாட்டு மெட்டில், "கஞ்சி வேணுமா, காப்பி வேணுமா" என்று ஆரம்பித்தேன். அப்பா முகத்தைச் சுளித்தார். பாதி முகம்தான் அசையும், அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. இடது கைச் சுட்டுவிரலைத் தூக்கி மேலே மேலே என்று காட்டினார். சுருதி ஏற வேண்டுமாம். எனக்கு ஏறவில்லை. நான் விடவும் இல்லை. பள்ளிக்கூடம் போவதற்கு முன் ஒரு மணி நேரம், வந்த பிறகு ஒரு மணி நேரம். "காப்பி" என்று ஒரு நாள் மெட்டோடு பதில் வந்தது. பிறகு "தண்ணி", "வேட்டி", "ஃபேனு". தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். மூட்டைப்பூச்சி மருந்துக்கு எங்கள் வீட்டில்தான் ஏஜென்சி என்று ஒரு பேச்சு கிளம்பியது.

பாட ஆரம்பித்து ஏழாவது மாதம் ஒரு சாயங்காலம், நான் தலைமாட்டில் உட்கார்ந்து தோசையைப் பற்றி ஏதோ பாடிக்கொண்டிருந்தேன். அப்பா விரலைத் தூக்கினார். உதட்டைக் கூட்டினார். அதே மெட்டில், ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்து, யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு முழு வாக்கியத்தைப் பாடினார்.

"நீ பாடாண்டாம், காது வலிக்கு."

அவர் மறுபடி கட்டிய முதல் வாக்கியம் அதுதான். எனக்குக் கோபத்தில் கண் கலங்கியது. சந்தோஷத்திலும்தான், இரண்டையும் பிரிக்க முடியவில்லை. அடுக்களையைப் பார்த்து, "எம்மா, அப்பா பேசிட்டாவ" என்று கத்தினேன். பிறகு அவர் பக்கம் திரும்பி முன்னைவிட உரக்கப் பாடினேன். முப்பது வயதுக்கு மேல் எனக்கு வந்த தைரியம் அது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பொத்திக்கொள்ள ஒரு கைதான் இருந்தது, ஒரு காதைத்தான் பொத்தினார்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் இருந்தார். ஐம்பது அறுபது சொற்கள் திரும்பின. மன்னிப்பு மாதிரியான எதுவும் அவற்றில் இல்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. அண்ணாச்சியோடு தினமும் காலையில் ஒரு டீ. ஒரு சித்திரை மாதம், பகலில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

சபை ஓர் இரங்கல் கூட்டம் நடத்தியது. ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பாவின் படத்துக்கு மாலை. தலைவர் பேசினார். இறுதி மூச்சு வரை அவர் நாவில் கீர்த்தனைகளே குடியிருந்தன என்றார். இரண்டு வருஷமாகத் தெருப்பக்கம் வராதவருக்கு அது எப்படித் தெரிந்ததோ. முன்வரிசை கண்ணை மூடிக் கேட்டது. கடைசியில் குடும்பத்தின் சார்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். எல்லோருக்கும் நன்றி சொன்னேன். பிறகு சொன்னேன்: "அப்பா கடைசி ரெண்டு வருஷமும் பாடினது சினிமாப் பாட்டு. பல்லவி, சரணம் எல்லாம் சரியாப் பாடினாங்க. ஒரு தப்பும் கிடையாது." யாரோ இருமினார்கள். தலைவர் அவசரமாக எழுந்து எல்லோரும் சிற்றுண்டி அருந்திச் செல்லுமாறு கேட்டுக்கொண்டார்.

ஆட்டோவில் வரும்போது அம்மா என்னைக் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். ஆட்டோ வண்ணார்பேட்டையைத் தாண்டியது. பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு ஒண்ணுமே புடிக்காது, ஏட்டி."

"என்னதும்மா?"

"பாட்டு. உங்க அப்பா கேட்டதும் சரி, கடையில போடுததும் சரி. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து, எப்பம் நிறுத்துவாவன்னுதான் இருந்தேன்."

"நாப்பது வருஷமா? ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்லா?"

"யாரு கேட்டா?"

வீட்டுக்கு வந்ததும் அம்மா சாப்பிட்டாள். நான் எதிர்க்கடைக்குப் போய்க் கொஞ்ச நேரம் பாட்டை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். அண்ணாச்சி ஏன் என்று கேட்காமல் நிறுத்தினார். திரும்பி வந்தபோது அம்மா கூடத்தில் பாயை விரித்து, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அவள் பகலில் தூங்கி நான் அதுவரை பார்த்ததில்லை.